இன்னும் நல்லதாக ஒன்று

“காணுமோ?” என்று அவர் கேட்டபோது எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் திருச்சிக்காரி. எங்கள் பக்கத்தில் காணும், காணோம் எல்லாம் கண்ணோடு சம்பந்தப்பட்ட சொற்கள். யாழ்ப்பாணத்தாருக்குக் ‘காணும்’ என்றால் ‘போதும்’. தேநீருக்குச் சீனி காணுமோ, இந்தப் பனிக்கு இந்தக் கோட் காணுமோ, இந்த ஆணி இந்தப் பாரத்துக்குக் காணுமோ என்று அவர் கேட்பதெல்லாம் அந்த ஒரு சொல்லில் வந்து முடியும். பதிலையும் பெரும்பாலும் அவரே சொல்லிக்கொள்வார்: “காணாது.”

நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். அவர் என்னை ‘நீர்’ என்பார். எங்கள் ஊரில் நாடகத்தில் ராஜா வேஷம் கட்டியவர்தான் இன்னொருவரை அப்படிக் கூப்பிடுவார். “நீர் சாப்பிட்டீரோ?” என்று அவர் முதல் முறை கேட்டபோது சிரிப்பை அடக்கிக்கொண்டேன். பழகிய பிறகு, அந்த ‘நீர்’ காதில் விழாமல் ஒரு சனிக்கிழமை போனால் அந்த வாரமே முடியாதது போலிருக்கும்.

சனிக்கிழமைகளில்தான் நாங்கள் சந்தித்தோம். பாரிஸில், தமிழர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், தண்டவாளங்களுக்குப் பின்னால் பழைய சரக்குக் கிடங்கு ஒன்றில், பொழுதுபோக்காக மின்னணுச் சாமான் செய்கிறவர்களுக்கென்று ஒரு பட்டறை உண்டு. யாரும் போய் உட்காரலாம். நான் வீட்டில் செடிகளுக்குத் தானாகத் தண்ணீர் விடும் ஒன்றைச் செய்யப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு போக்குவரத்துக் கொம்பனியில் கணக்குப் பிரிவில் இருந்தார். மகன் வேலை கிடைத்து லியோனுக்குப் போகும்போது ஒரு பெட்டியை வீட்டில் விட்டுப் போயிருக்கிறான். உள்ளே கையளவுக் கணினி போன்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகைகள், விளக்குகள், வயர்கள். எறிந்துவிடச் சொன்னானாம். எறிவதற்கு முன் என்னவென்று ஒருக்கால் பார்ப்போம் என்று திறந்தவர் பிறகு மூடவில்லை.

எதையும் ஒருமுறை பார்த்து முடிப்பது அவரால் ஆகாது. என்னுடைய முதல் பாரிஸ் குளிர்காலத்துக்கு ஒரு கோட் வாங்க அவரோடு போனேன். கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒவ்வொரு கோட்டின் உள்தையலையும் திருப்பிப் பார்த்தார். பொத்தானை இழுத்துப் பார்த்தார். விற்பனைப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அன்று ஒன்றும் வாங்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வாங்கவில்லை. நான் நடுங்கிக்கொண்டு வேலைக்குப் போனேன். பிறகு ஒருநாள் அவரே ஒன்றைக் கண்டுபிடித்துத் தொலைபேசியில் கூப்பிட்டார். இன்றைக்கும் நான் போடுவது அந்தக் கோட்தான். ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

இன்னொரு முறை பாரிஸுக்கு வெளியே சார்செலில் அவர் சொந்தக்காரப் பெண்ணுக்குச் சாமத்தியச் சடங்கு, எங்கள் ஊர் மஞ்சள் நீராட்டு. பட்டுப்புடவையோடு கார் து நோர் நிலையத்தில் நின்றோம். வந்த ரயிலில் கூட்டம். “அடுத்தது ஆறுதலா வரும், புடவை கசங்காது” என்றார். ஆறுதலா என்றால் அவர்கள் பேச்சில் நிதானமாக, அவசரமில்லாமல். அடுத்ததும் கூட்டம். அதையும் விட்டோம். நாங்கள் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கசங்காத புடவையோடு நின்று ஆளுக்கொரு வடை சாப்பிட்டுவிட்டு வந்தோம். வழி முழுக்கச் சிரித்தோம். அப்போது அது சிரிப்பாகத்தான் இருந்தது.

அக்காவின் மாமா, அதாவது அவருடைய அம்மாவின் தம்பி, அதே கட்டடத்தில் ஆறாம் மாடியில் இருந்தார். அக்கா இரண்டாம் மாடி. லிஃப்ட் கிடையாது. குடும்பத்தில் முதலில் பிரான்சுக்கு வந்தவர் மாமாதான். பல உணவகங்களின் சமையலறைகளில் வேலைசெய்து மற்றவர்களையும் இங்கே கூப்பிட்டுக்கொண்டவர். கலியாணம் செய்யவில்லை. வந்த காலத்தில் பிடித்த அந்தச் சின்ன அறையை எண்பது வயதுக்குப் பிறகும் விடவில்லை. கழிப்பறை நடைவழியில், இன்னும் சிலரோடு பொது. அக்கா எத்தனையோ தரம் தன் வீட்டுக்கு வரச் சொல்லிப் பார்த்தார்.

“என்ரை அறை எனக்குக் காணும் பிள்ளை” என்பார் மாமா.

எல்லாவற்றுக்கும் அவருக்கு அந்த ஒரு பதில்தான். காலையில் மெதுவாக இறங்கி வந்து கீழே கடையில் ஒரு தேத்தண்ணி, பத்திரிகை, நாலு பேரோடு கதை. பிறகு மாடிக்கு மாடி நின்று நின்று மேலே. கைத்தொலைபேசி வாங்கிக் கொடுத்தால் அணைத்துத் தலையணைக்கடியில் வைத்துவிடுவார்.

ஒருநாள் கழிப்பறையில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டதாக, ஏதோ வேடிக்கை போல, மாமா சொல்லியிருக்கிறார். அந்தச் சனிக்கிழமை அக்கா பட்டறைக்கு வந்ததும் என் செடிகளைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு தாளில் கட்டடத்தின் படம் போட்டார். மேலே மாமாவின் கட்டில், அறைக் கதவு, கழிப்பறை. கீழே தன் குசினி, அதாவது சமையலறை.

கம்பியில்லாமல் செய்யத்தான் முதலில் முயன்றார். கல்லும் இரும்புமாக அந்தக் காலத்தில் எழுப்பிய சுவர்கள், நாலாம் மாடிக்கு மேல் சிக்னலை விடவில்லை. ஆனால் பின்படியோரம் ஒரு பழைய குழாய் இருந்தது. கீழ்வீட்டு எசமானிகள் மேலே படுத்திருக்கும் வேலைக்காரிகளைக் கூப்பிட ஒரு காலத்தில் மணிக்கயிறு ஓடிய குழாயாம். அதற்குள் வயர் விடலாம்.

“ஒரு பொத்தான், ஒரு மணி. அது போதாதாக்கா?” என்று கேட்டேன்.

“அமத்தினாத்தானே மணி அடிக்கும். அமத்தேலாமல் விழுந்து கிடந்தா? வயர் அறுந்தா? மணி அடிக்கேல்லை, அப்ப மாமா சுகமா இருக்கிறார் எண்டு நினைச்சுக்கொண்டு நான் இஞ்சை கறி காய்ச்சிக்கொண்டிருப்பன்.”

அவர் நினைத்தது வேறு. ஓரிடத்துக்கு ஒன்றாக நான்கு பலகைகளும் ஒரே வயரில் பேசிக்கொள்ள வேண்டும். மேலே உள்ள ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குசினியில் பச்சை விளக்கு சிவப்பாக வேண்டும். காலையில் அறைக் கதவு திறக்காவிட்டால் அவருடைய தொலைபேசிக்குச் செய்தி வர வேண்டும்.

அந்தச் சின்னப் பலகைகளின் குரல் ஒரு மேசைக்கு மேல் போகாது. நாலு மாடி தாண்ட, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு டிரான்ஸீவர் சிப் வேண்டும். எட்டுக்கால் பூச்சி போல இருக்கும். பலகை சொல்வதை வாங்கி முறுக்கிய இரண்டு வயர்களில் எதிரும் புதிருமாக அனுப்பும். மறுமுனையில் இன்னொரு சிப் அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துச் சொல்லைத் திரும்ப எடுக்கும். வழியில் எந்தச் சத்தம் சேர்ந்தாலும் இரண்டு வயரிலும் ஒன்றுபோலச் சேர்வதால் அடிபட்டுப் போகும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் பேசலாம், மற்றவை கேட்க வேண்டும். இவ்வளவுதான். இதற்குச் சந்தையில் நூற்றுக்கணக்கான சிப்கள் இருக்கின்றன என்பதில்தான் அக்காவின் கதை தொடங்குகிறது.

முதலில், எல்லாரும் வாங்குகிற மலிவுச் சிப், சின்னப் பலகையில் ஒட்டியே வருவது, ஒரு பை நிறைய வாங்கினோம். அதில் குறைகள் இருந்தன. அது ஐந்து வோல்ட்டில் பேசும், எங்கள் பலகைகள் மூன்று சொச்சம்தான் தாங்கும். ரெசிஸ்டர் வைத்து இறக்கினோம். வயரின் இரண்டு நுனியில் மட்டும் இருக்க வேண்டிய ரெசிஸ்டரை ஒவ்வொன்றிலும் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். நடுவில் இருப்பவற்றில் கழற்றினோம். யாரும் பேசாத நேரத்தில் அந்தச் சிப் எதையோ கேட்டதாக உளறியது. வயரைச் சும்மா இருக்கும்போது ஒரு பக்கம் இழுத்துப் பிடிக்க இன்னும் இரண்டு ரெசிஸ்டர் போட்டோம். உளறல் நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயில் வயரை இறக்கிப் பலகைகளைப் பொருத்தினோம். மாமா கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“உது என்ன, என்னைக் காவல் காக்கவோ?”

“ஓம் மாமா. களவா எங்கையும் போகாதேங்கோ.”

அதன் பிறகு சில வாரங்கள் நன்றாக இருந்தன. மாமாவுக்கு அந்தப் பொத்தான் பிடித்துப்போயிற்று. விடிந்ததும் ஒருமுறை அமத்துவார். கீழே குசினியில் ‘கிர்’ என்று சத்தம் கேட்கும். அக்கா தன் பொத்தானை அமத்த, மேலே கட்டிலோரத்தில் ஒரு விளக்கு கண்சிமிட்டும். அவ்வளவுதான் பேச்சு. “முந்தி விடிய எழும்பினா ஆருக்கும் தெரியாது. இப்ப ஒராளுக்குத் தெரியுது” என்று மாமா என்னிடம் சொன்னார். அக்கா பட்டறைக்கு வந்ததும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

குளிர் இறுகியது. வீடுகளில் காற்று வறண்டு, கம்பளிச் சட்டை போட்டுக் கதவுப் பிடியைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கும் காலம். அக்கா அந்தச் சிப் எதை எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் டேட்டாஷீட்டைத் திரும்ப எடுத்து வாசித்தார்.

“மாமா கம்பளியோடை வந்து பொத்தானைத் தொடுறார். அந்த அடி வயருக்குப் போனா இந்தச் சிப்புக்குக் காணுமோ?”

“இதுவரைக்கும் ஒண்ணும் ஆகலியேக்கா.”

“இதுவரைக்கும்” என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காணாது என்று அர்த்தம்.

அடி தாங்கும் சிப் ஒன்றைத் தேடி வரவழைத்தார். வந்தது. மேசையில் வைத்துப் பார்த்தபோது அது மிக வேகமானது என்று தெரிந்தது. எங்கள் வயரில் அங்கங்கே கிளை பிரிகிறது. வேகமான சிப்பின் கூர்மையான துடிப்பு கிளை முனையில் மோதித் திரும்பி வந்து சொல்லைக் கெடுக்கும். பட்டறையில் இருந்த கருவியின் திரையில் அந்த எதிரொலியை எனக்குக் காட்டினார். உண்மைதான், இருந்தது. சின்னதாக. எங்களுக்கு வேண்டிய வேகத்தில் அதனால் ஒரு கெடுதலும் வராது என்று நான் சொன்னேன்.

“நீர் சொல்லுறது சரி. ஆனா மெதுவா எழும்பி மெதுவா இறங்குற ஒண்டு இருக்கு. அடியும் தாங்கும். வயர் சும்மா இருந்தாலும் உளறாது. எங்கடை வோல்ட்டிலையே வேலை செய்யும்.” அவர் முகத்தில் அப்போது இருந்த ஒளி எனக்கு நினைவிருக்கிறது. “இதுதான் சரியான சிப்.”

சரியான சிப் அந்த நேரம் கடையில் இல்லை. வரும் என்றார்கள். வரப்போகிறதே என்று அக்கா மேலே போய் எல்லாப் பலகைகளையும் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். பழையதை எடுத்துப் புதிய சிப்புக்கு இடம் செய்ய வேண்டும்.

அன்று நானும் கூட இருந்தேன். மாமாவுக்கு முகம் வாடிவிட்டது.

“ஏன் பிள்ளை கழட்டுறாய்? நல்லாத்தானே வேலை செய்தது.”

“இன்னும் நல்லதா ஒண்டு போடப்போறன் மாமா.”

படியிறங்கும்போது சொன்னேன்: “புதுசு வந்தப்புறம் கழட்டியிருக்கலாமேக்கா. அதுவரைக்கும் இது ஓடட்டுமே.”

“அரைகுறையா ஒண்டு தொங்கினா அதை நம்பிக்கொண்டிருப்பம். நம்பினா கவனம் குறையும். உது வருமட்டும் நானே காலமையும் பின்னேரமும் ஏறிப் பாப்பன்.”

சொன்னபடி ஏறினார். வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை. மாமா விழுந்தது அந்த இரண்டுக்கும் நடுவில்.

அடுப்பில் தண்ணீர் வைக்க எழுந்தவர் கட்டிலுக்கும் மேசைக்கும் இடையில் விழுந்திருக்கிறார். எழும்ப முடியவில்லை. பக்கத்து அறைகளில் இருந்தவர்கள் வேலைக்கும் படிப்புக்கும் போயிருந்தார்கள். பின்னேரம் அக்கா சாப்பாட்டுப் பெட்டியோடு ஏறிக் கதவைத் திறக்கும்வரை குளிர்ந்த தரையில் கிடந்தார்.

எனக்குத் தொலைபேசியில் “வாரும்” என்று மட்டும் சொன்னார். நான் போனபோது தீயணைப்பு வீரர்கள் மாமாவைத் துணித் தொட்டிலில் கட்டி அந்தச் சுழல்படியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பின்னால் அக்கா, மாமாவின் சப்பாத்துகளைக் கையில் பிடித்தபடி. சுவரோரம் ஒதுங்கி நின்ற என்னை மாமா பார்த்தார்.

“வாங்கோ பிள்ளை. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ.”

இடுப்பெலும்பு உடைந்திருந்தது. அறுவைசிகிச்சை முடிந்து சில நாள் கழித்து நான் பார்க்கப் போனபோது அவர் நன்றாகப் பேசினார். விழுந்த கதையை ஒரு பயணம் போய்வந்த கதை போலச் சொன்னார். எங்கே கால் வழுக்கியது, எந்தப் பக்கம் சாய்ந்தார், கட்டில் காலைப் பிடித்து எப்படிக் கொஞ்சம் நகர்ந்தார்.

“பொத்தான் இருந்த இடத்துக்குக் கை போயிட்டுது பாருங்கோ. பழக்கம். தடவித் தடவிப் பாக்கிறன், ஆணி ஓட்டைதான் இருக்கு.” சிரித்தார். அக்காவைக் குத்திச் சொன்னதல்ல. குத்தத் தெரிந்த மனிதர் அல்ல அவர்.

அக்கா எழுந்து வெளியே போனார். கொஞ்சம் பொறுத்து நான் போய்ப் பார்த்தபோது நடைவழிச் சுவரில் ஒட்டியிருந்த, தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது என்ற அறிவிப்பை வாசித்துக்கொண்டு நின்றார். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தார். பிறகு மறுபடி முதல் வரி.

மாமாவால் இனி ஆறு மாடி ஏற முடியாது. இரண்டு மாடியும் முடியாது. கார்ஜ் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. அங்கே தமிழ் பேச ஆளில்லை. வாழ்நாள் முழுக்கச் சமையலறைப் பிரெஞ்சை வைத்து ஓட்டியவர், வெங்காயமும் கத்தியும் இல்லாத இடத்தில் பேச ஒன்றுமில்லாமல் போனார். அக்கா ஞாயிறு தவறாமல் சோறு கட்டிக்கொண்டு போவார். எப்படி இருக்கிறது என்று கேட்டால், “இஞ்சை எல்லாம் காணும் பிள்ளை” என்பாராம்.

மாமா இல்லத்துக்குப் போன அதே வாரம் சரியான சிப் வந்து சேர்ந்தது.

அக்கா அதைக் குப்பையில் போடுவார் என்று நினைத்தேன். அவர் பட்டறைக்கு வந்து ஒவ்வொன்றாக ஈயத்தால் பலகையில் பற்றவைத்தார். பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொரு காலாகப் பார்த்தார். அறையின் சாவியைத் திருப்பிக் கொடுக்க இன்னும் சில மாதம் இருந்தது. மேலே போய்ப் பழைய ஆணி ஓட்டைகளிலேயே எல்லாவற்றையும் பொருத்திவிட்டு வந்தார்.

ஒரு மாலை அவர் குசினியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். சுவரில் விளக்குகள் வைத்த பெட்டி. எல்லா விளக்கும் பச்சை.

“ஒரு சொல்லும் தவறேல்லை. இத்தனை நாளிலை ஒருக்காலும் பிழை விடேல்லை” என்றார்.

“நல்ல சிப் அக்கா.”

“ஓம். நல்ல சிப்.”

மேலே யாருமில்லாத கட்டிலின் பக்கத்திலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று வந்துகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அந்தப் பக்கம் பார்க்காமல் தேநீரைக் குடித்து முடித்தோம்.

மலிவுச் சிப்களை அவர் என்னிடம் கொடுத்துவிட்டார். என் பால்கனியில் செடிகளுக்கு வைத்தேன். அடுத்த குளிரில் ஒன்று செத்துப்போனது. மற்றவை இன்றும் ஓடுகின்றன. அவர் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. அதைத் தெரிந்துகொண்டு இப்போது என்ன செய்ய?

மாமா கோடை தொடங்கும்போது போனார். தூக்கத்தில் போனதாக இல்லத்தில் சொன்னார்கள். தன் மகன் லியோனிலிருந்து வந்து சேர மாலையாகும் என்று அக்கா என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். காலையில் இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்யும் கடைக்குப் போனோம். இளம் வயதுக்காரர், பிரெஞ்சுக்காரர், மிகவும் பணிவாகப் பேசினார். தடித்த புத்தகம் ஒன்றைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். முதல் பக்கத்தில் ஒரு பெட்டியின் படம்.

அக்கா அதன் மேல் விரலை வைத்தார்.

“இது.”

இன்னும் பல உண்டு, மரம் வேறு, உள்ளே விரிக்கும் துணி வேறு, கைப்பிடி வேறு, அவசரமில்லை மதாம், ஆறுதலாகப் பாருங்கள் என்று அவர் பிரெஞ்சில் சொன்னார். அக்கா வேண்டாமென்று தலையசைத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, தமிழில், எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“ஆறுதலாப் பாத்துத்தானே அந்த மனிசனைத் தரையிலை கிடக்க விட்டனான்.”

அந்த இளைஞர் அடுத்த பக்கத்தைப் புரட்டக் கையைக் கொண்டுவந்தார். அக்காவின் விரல் படத்தின் மேல் அப்படியே இருந்தது. இளைஞர் கையை எடுத்துக்கொண்டார்.